சிஎம்எம் அளவு மெஷின் எல்லா ஓட்டையும் ஓகே என்கிறது, ஆனால் நாலாவது போல்ட் இறங்கவில்லை

பம்ப் டிசைன்:

வணக்கம். கோவையில் ஒரு சின்ன பம்ப் யூனிட்டில் டிசைன் பார்க்கிறேன். மூன்று நாளாக ஒரு பிரச்சினையில் மாட்டியிருக்கிறேன்.

காஸ்ட் அயர்ன் பாடி, அதன் மேல் 20 மி.மீ. தடிமனுள்ள கவர். பாடியில் ஆறு எம்8 டேப் ஓட்டை (8 மி.மீ. போல்ட்டுக்கு மரை வெட்டியது, மரை ஆழம் 16), கவரில் ஆறு 9 மி.மீ. ஓட்டை, மேலே ஆலன் போல்ட் தலை உட்கார 14 மி.மீ. கவுண்டர்போர். கவரை பாடியில் சரியாக உட்கார வைக்க 8 மி.மீ. டவல் பின் இரண்டு, இடைவெளி 120 ± 0.02.

பழைய டிராயிங்கில் எல்லா ஓட்டைக்கும் ஓரத்திலிருந்து ± 0.1 என்று இருந்தது. அதில் ரிஜெக்ஷன் அதிகம் என்று ஷாப்பில் சத்தம் போட்டதால் நான்தான் பொசிஷன் டாலரன்ஸுக்கு (ஓட்டை மையம் சரியான இடத்தைச் சுற்றிய ஒரு சின்ன வட்டத்துக்குள் இருந்தால் போதும்) மாற்றினேன். கணக்கு இப்படிப் போட்டேன்: ஓட்டை 9, போல்ட் 8, வித்தியாசம் 1. அதனால் கவருக்கும் விட்டம் 1.0, பாடிக்கும் விட்டம் 1.0. டேட்டம் (அளவு தொடங்கும் இடம்) ஏ கீழ் ஃபேஸ், பி நீள ஓரம், சி குறுக்கு ஓரம். பழைய டிராயிங்கிலும் அளவெல்லாம் ஓரத்திலிருந்துதான், அதை அப்படியே வைத்தேன்.

40 செட் வந்தது. சிஎம்எம் ரிப்போர்ட்டில் ஒரு சிவப்புக்கூட இல்லை. ஆனால் அசெம்பிளியில் 7 கவர் உட்காரவில்லை. டவல் இறங்குகிறது, மூன்று போல்ட் இறங்குகிறது, நாலாவது போல்ட் தட்டிக்கொண்டு நிற்கிறது. அசெம்பிளி ஆள் உருண்டை அரத்தை எடுத்து ஓட்டையைத் தேய்க்கப் போனார், நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். எல்லாம் ஓகே என்றால் ஏன் சேரவில்லை? எங்கே தப்பு?

டூல்ரூம் 30 வருஷம்:

தம்பி, அரத்தை நிறுத்தியது நல்ல காரியம். தப்பு ஷாப்பில் இல்லை, டிராயிங்கில் இருக்கிறது, அதுவும் இரண்டு இடத்தில்.

முதலாவது கணக்கு. நீங்கள் போட்ட "ஓட்டை கழித்தல் போல்ட்" கணக்கு போல்ட் நட்டுக்கானது. இரண்டு பார்ட்டிலும் சும்மா ஓட்டை, நடுவில் போல்ட், அடியில் நட். அங்கே போல்ட் இரண்டு பக்கமும் நகர்ந்து இடம் தேடிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பார்ட்டுக்கும் முழு 1.0 கொடுக்கலாம். உங்கள் போல்ட் அப்படி இல்லை. பாடியில் மரையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது, மரை எங்கே இருக்கிறதோ போல்ட் அங்கேதான். அப்போது அந்த 1.0 இரண்டு பார்ட்டுக்கும் சேர்த்துத்தான். பாதிப் பாதி 0.5 கொடுங்கள், அல்லது பாடிக்கு 0.6, கவருக்கு 0.4. டேப் ஓட்டைதான் எப்போதும் கஷ்டம், ட்ரில் நடக்கும், டேப் இழுக்கும், அதனால் நான் பாடிக்குத்தான் அதிகம் கொடுப்பேன்.

நீங்கள் கொடுத்தது 1.0 + 1.0. ஒரு ஓட்டை இந்தப் பக்கம் 0.5 நகரலாம், அதன் ஜோடி அந்தப் பக்கம் 0.5 நகரலாம், ஆக மையத்துக்கு மையம் 1 மி.மீ. தள்ளிப் போகலாம். உங்களிடம் இருக்கும் இடம் பக்கத்துக்கு 0.5 தான். 40-இல் 7 மட்டும் நின்றது ஷாப் நல்லா வேலை செய்ததால்தான், அவர்களைத் திட்டாதீர்கள்.

இரண்டாவது டேட்டம். இதுதான் பெரிய தப்பு, ஏனென்றால் கணக்கைத் திருத்தினாலும் இது இருக்கும் வரை கவர் அவ்வப்போது நிற்கும். கவர் பாடியின் மேல் எதைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறது? கீழ் ஃபேஸும் இரண்டு டவலும். ஓரம் எதையும் தொடுவதே இல்லை, காற்றில் இருக்கிறது. அப்படி இருக்கும்போது போல்ட் ஓட்டையை ஏன் ஓரத்திலிருந்து அளக்க வேண்டும்? டவல் ஓட்டை ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள்? ± 0.1 என்றால் அந்த நகர்வு முழுக்க கவரிலும் ஒரு தடவை, பாடியிலும் ஒரு தடவை சேரும், மையத்திலிருந்து மூலைக்குப் பார்த்தால் ஒரு பார்ட்டுக்கு 0.14. ரிப்போர்ட்டில் அது தெரியாது, ஏனென்றால் ரிப்போர்ட் ஓரத்தை நம்பி எழுதியது, போல்ட்டோ டவலை நம்பி இறங்குகிறது.

வைஸில் எதைப் பிடிக்கிறோமோ, ஸ்கேல் எங்கே வைக்க வசதியோ, அதை டேட்டம் ஆக்குவது நம்மூரில் ரொம்ப நாள் பழக்கம். நானும் அப்படித்தான் வேலை கற்றுக்கொண்டேன். டேட்டம் என்பது பார்ட் போய் உட்காரும் இடம். ஏ ஃபேஸ், பி ஒரு டவல் ஓட்டை, சி இன்னொரு டவல் ஓட்டை, அது சுழற்சியை மட்டும் பிடிக்கும். ஆறு ஓட்டையும் ஏ, பி, சி-யிலிருந்து. ஓரத்துக்கு வேண்டுமானால் அதே ஏ, பி, சி-யிலிருந்து ஒரு புரொஃபைல் (வெளி வடிவ) டாலரன்ஸ் 1.0 கொடுத்துவிடுங்கள், வெளியே பார்க்க ஒழுங்காக இருக்கும், அதற்கு மேல் ஓரத்துக்கு அங்கே வேலை இல்லை.

விஎம்சி செட்டர் ஓசூர்:

இருக்கும் 7 கவருக்கு ஒரு வழி. ஓட்டையை 10-க்குத் திறந்துவிடுங்கள். எம்8-க்கு போல்ட் ஓட்டை அளவுக்கான ஐஎஸ்ஓ 273-இல் 8.4, 9, 10 மூன்றும் உண்டு, 10 என்பது கோர்ஸ் தொடர். 10 கழித்தல் 8 இரண்டு, உங்கள் 1.0 + 1.0 அப்படியே பொருந்திவிடும்.

கேஜ் டிசைனர்:

மேலே சொன்னது கணக்கில் சரி, ஆனால் கவுண்டர்போரை யாரும் பார்க்கவில்லை. போல்ட் தலையும் ஓர் உருளைதான், அதுவும் ஓர் ஓட்டைக்குள் இறங்க வேண்டும்.

எம்8 ஆலன் போல்ட் தலை வழவழப்பாக இருந்தால் அதிகபட்சம் 13, பக்கவாட்டில் நர்லிங் (வரி வரியான சொரசொரப்பு) இருந்தால் ஐஎஸ்ஓ 4762 படி 13.27 வரை போகும். கடையில் வாங்குவதில் பெரும்பாலும் நர்லிங் உண்டு. கவுண்டர்போர் 14. பக்கத்துக்கு இடம் 0.365 தான். கீழே 9 ஓட்டையில் 0.5 இருக்கிறது, மேலே தலைக்கு அதைவிடக் குறைவு. உங்கள் நாலாவது போல்ட் மரையில் பிடித்த பிறகு நிற்கிறதா, பிடிக்கவே இல்லையா என்று பாருங்கள். மரையில் மூன்று நான்கு சுற்று போய்விட்டு நிற்கிறது என்றால் அது தலை கவுண்டர்போர் சுவரில் இடிப்பது. தலையின் பக்கத்தில் பிறை மாதிரி ஒரு பளபளப்பான கோடு இருக்கும், நகத்தால் தடவினால் தெரியும்.

அதனால் ஓட்டையை மட்டும் 10-க்குத் திறந்தால் ஒன்றும் ஆகாது. கவுண்டர்போரையும் 15 ஆக்க வேண்டும். அப்போது நர்லிங் தலைக்கு 0.865 கிடைக்கும். புது டிராயிங்கிலும் 15 போடுங்கள்.

இன்னொன்று, 10 ஆக்கினால் தலைக்கு அடியில் தாங்கும் பரப்பு தோராயமாக 69 சதுர மி.மீ.-இலிருந்து 54-க்கு இறங்கும். வாஷர் போடலாம் என்று நினைக்காதீர்கள், சாதாரண எம்8 வாஷர் 16 விட்டம், 15-க்குள் இறங்காது. கவர் காஸ்ட் அயர்ன் அல்லது ஸ்டீல் என்றால் பரவாயில்லை, அலுமினியம் என்றால் இறுக்கும்போது குழி விழும், அப்படியானால் செய்ய வேண்டாம்.

பம்ப் டிசைன்:

எல்லாருக்கும் நன்றி, நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை, இப்போதுதான் புரிகிறது.

கவர் ஸ்டீல். டவல் ஓட்டை ஓரத்திலிருந்து ± 0.1 தான், நீங்கள் ஊகித்தது சரி. நாலாவது போல்ட் சில கவரில் மரை பிடிக்கவே இல்லை, இரண்டு கவரில் பிடித்து நடுவில் நிற்கிறது, அந்த இரண்டிலும் தலையில் கோடு இருக்கிறது!

ஒரு மோசமான ஜோடியைத் திரும்ப சிஎம்எம்மில் போட்டு டவல் ஓட்டையிலிருந்து அளக்கச் சொன்னேன். கவரின் நாலாவது ஓட்டை எக்ஸில் 0.38, ஒய்யில் –0.31. ஓரத்திலிருந்து அளந்தபோது இதே ஓட்டை பொசிஷன் 0.62 என்று வந்திருந்தது. பாடியில் ஜோடி ஓட்டை எக்ஸ் –0.21, ஒய் 0.12. இரண்டுமே ஏன் இன்னும் ஓகே என்று வருகிறது? ஆபரேட்டர் வேறு, முதல் தடவை டவல் ஓட்டையை சிலிண்டராக எடுத்து அதை வைத்தே லெவல் செய்துவிட்டார், அப்போது இன்னும் வேறு நம்பர் வந்தது. அது சரியா?

சிஎம்எம் ஆபரேட்டர்:

நான் பதினோரு வருஷமாக சிஎம்எம்மில் இருக்கிறேன், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

லெவலிங் தப்பு. 8 மி.மீ. விட்டம், ஆழமும் சில மி.மீ. தான், அதிலிருந்து ஒரு திசையை எடுத்தால் புரோப் ஒரு மைக்ரான் ஆடினாலும் பார்ட்டின் மறு கோடியில் பெரிதாகத் தெரியும். ஏ என்று முதலில் எழுதியிருப்பது எதற்கு என்றால் அதுதான் பார்ட்டைச் சாயாமல் பிடிக்கிறது. ஃபேஸில் நன்றாகப் பரவலாகப் புள்ளி எடுத்து லெவல் செய்ய வேண்டும், பி-யின் மையத்தில் ஆரிஜின், அங்கிருந்து சி-யின் மையத்துக்குக் கோடு போட்டு சுழற்சி. இந்த வரிசை மாறினால் அது வேறு டிராயிங். கட்டத்தில் ஏ, பி, சி எழுதும் வரிசை வெறும் அகரவரிசை இல்லை என்பதை ஆபரேட்டர்களுக்கு யாராவது ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும், எனக்கே அது மூன்றாவது வருஷம்தான் புரிந்தது.

இப்போது நம்பர். பொசிஷன் என்பது மையத்திலிருந்து தள்ளிய தூரத்தின் இரண்டு மடங்கு, ஏனென்றால் டாலரன்ஸ் விட்டத்தில் சொல்லப்படுகிறது. கவர்: 0.38-இன் வர்க்கம், 0.31-இன் வர்க்கம், கூட்டி மூலம் எடுத்தால் 0.490, இரண்டால் பெருக்கினால் 0.981. பாடி: அதே மாதிரி 0.484. இரண்டும் 1.0-க்குள், அதனால் ஓகே. ஆனால் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் போயிருக்கிறது. எக்ஸில் வித்தியாசம் 0.59, ஒய்யில் 0.43, ஆக மையத்துக்கு மையம் 0.73. ஓட்டை எவ்வளவு வந்தது? 9.1 என்று வைத்தால்கூட பக்கத்துக்கு 0.55 தான் இடம். போல்ட் எப்படி இறங்கும்? ஓரத்திலிருந்து 0.62 என்று காட்டிய ஓட்டை டவலிலிருந்து 0.981 ஆனதையும் பாருங்கள். ஓட்டை நகரவில்லை, நாம் நிற்கும் இடம்தான் மாறியது.

ஓட்டை அளவையும் சேர்த்து ரிப்போர்ட்டில் போடச் சொல்லுங்கள். கவரில் 0.4 போட்டு கூட எம்எம்சி வட்டம் (ஓட்டை மிகச் சிறிய அளவில் இருக்கும்போதுதான் இந்த 0.4 என்று சொல்லும் குறி) போட்டால், ஓட்டை பெரிதான அளவு போனஸ் கிடைக்கும். உதாரணமாக எக்ஸ் 0.18, ஒய் –0.15 என்று ஓர் ஓட்டை வந்தால் பொசிஷன் 0.469, பார்த்தவுடன் ரிஜெக்ட் என்று தோன்றும். ஓட்டை 9.11 என்றால் போனஸ் 0.11, அனுமதி 0.51, பார்ட் நல்ல பார்ட். நிஜமாகவே அது சேரும், சலுகை ஒன்றும் இல்லை. டேப் ஓட்டைக்கு இந்த வட்டம் போடாதீர்கள், மரை போல்ட்டை நடுவுக்கு இழுத்துக்கொள்ளும், அங்கே பெரிதாகக் கிடைக்கப் போவது ஒன்றும் இல்லை, அளப்பவனுக்குத்தான் குழப்பம்.

பழைய ± 0.1-இல் ரிஜெக்ஷன் அதிகம் என்று சொன்னீர்கள், அதற்கும் காரணம் இருக்கிறது. ± 0.1 ஒரு சதுரம். மூலையில் 0.141 தள்ளினால் ஓகே, நேராக 0.11 தள்ளினால் ரிஜெக்ட். போல்ட் உருண்டை, அதற்கு மூலை ஏது? மூலைகளைத் தொடும் வட்டம் போட்டால் விட்டம் 0.283, பரப்பு 57 சதவீதம் அதிகம். ஸ்காட்லாந்தில் ராயல் டார்பிடோ ஃபேக்டரியில் இருந்த ஸ்டான்லி பார்க்கர்தான் இந்த வட்ட மண்டலத்தை முதலில் வற்புறுத்தியவர் என்பார்கள். நீங்கள் பொசிஷனுக்கு மாற்றியது சரியான முடிவு, அதிலிருந்து பின்வாங்க வேண்டாம்.

டூல்ரூம் 30 வருஷம்:

ஒன்று விட்டுப்போனது. பாடியின் டேப் ஓட்டைக்கு 0.6 என்று மட்டும் எழுதினால் போதாது.

மரை ஆழம் 16. அந்த 0.6 மண்டலம் பாடிக்குள்ளே அந்த 16-இல் மட்டும் இருக்கிறது. மரை ஃபேஸில் ஒரு பக்கம் 0.3, அடியில் எதிர்ப்பக்கம் 0.3 என்று சாய்ந்திருந்தாலும் ஓகேதான். ஆனால் போல்ட் அதே சாய்வில் மேலே கவருக்குள் 20 மி.மீ. போகிறது. 16-க்கு 0.6 சாய்ந்தால் 20-க்கு 0.75 சாயும். ஃபேஸில் இருந்த 0.3-ஐயும் சேர்த்தால் கவர் உச்சியில் 1.05 தள்ளி நிற்கும். நாம் கணக்கில் வைத்தது 0.3. விஎம்சியில் (கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின்) இவ்வளவு சாயாது என்று சொல்வார்கள், சரிதான், ஆனால் பாதி லாட்டை வெளியே ரேடியல் ட்ரில்லில் போடக் கொடுத்தால் சாயும், அதுவும் காஸ்டிங் தோலில் ட்ரில் வழுக்கினால் நிச்சயம் சாயும்.

அதற்குத்தான் வட்டத்துக்குள் P எழுத்து (டேட்டம் பி, அதாவது B, இல்லை) போட்ட புரொஜெக்டட் குறி, பக்கத்தில் 20. மண்டலம் பாடிக்குள் இல்லை, ஃபேஸுக்கு மேலே கவர் தடிமன் முழுக்க நிற்கும். போல்ட் இருக்கும் இடத்தில் போல்ட்டை அளக்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது கணக்கு எப்படிச் சேருகிறது பாருங்கள். பாடி பக்கம் போல்ட் 8, டாலரன்ஸ் 0.6, ஆக மோசமான நிலையில் அது 8.6 உருளைக்குள் எங்கோ இருக்கும். கவர் பக்கம் ஓட்டை 9.0, டாலரன்ஸ் 0.4, ஆக மோசமான நிலையில் 8.6 உருளை தாராளமாகப் போகும். இரண்டும் ஒரே 8.6. கேஜும் (சேருமா என்று போட்டுப் பார்க்கும் கருவி) இந்த நம்பரில்தான். கவருக்கு ஒரு பிளேட்டில் 8.6 பின் ஆறு, டவலுக்கு இரண்டு. பாடிக்கு 8 மி.மீ. தண்டு 20 மி.மீ. வெளியே நிற்கும் மரைப் பின் ஆறு, மேலே 8.6 ஓட்டை போட்ட பிளேட். சிஎம்எம் க்யூவில் நிற்க வேண்டியதில்லை, அசெம்பிளி ஆளே போட்டுப் பார்க்கலாம்.

புது அப்ரண்டிஸ்:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். இதெல்லாம் அமெரிக்க ஏஎஸ்எம்இ முறையா, சர்வதேச ஐஎஸ்ஓ முறையா? காலேஜில் இரண்டையும் கலந்து சொல்லிக்கொடுத்தார்கள்.

கேஜ் டிசைனர்:

ஏஎஸ்எம்இ ஒய்14.5 என்றாலும் ஐஎஸ்ஓ 1101 என்றாலும் இந்தக் கேஸில் கணக்கு ஒன்றுதான். ஆனால் டைட்டில் பிளாக்கில் எது என்று கட்டாயம் எழுத வேண்டும். ஏஎஸ்எம்இயில் அளவு டாலரன்ஸே வடிவத்தையும் கட்டுப்படுத்தும், ஐஎஸ்ஓவில் தனியாகக் கேட்டால்தான். ஆறு ஓட்டையை ஒரே தொகுதியாகப் பார்ப்பதிலும் வித்தியாசம் உண்டு: டேட்டம் எல்லா அசைவையும் பூட்டாத இடத்தில் ஐஎஸ்ஓவில் சிஇசட் (சேர்ந்த மண்டலம்) என்று சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டைகள் ஒன்றோடொன்று கட்டப்படாமல் போகும். இங்கே ஏ, பி, சி மூன்றும் முழுக்கப் பூட்டுவதால் பிரச்சினை இல்லை.

பம்ப் டிசைன்:

நிலவரம் சொல்கிறேன். 7 கவரையும் ஓட்டை 10, கவுண்டர்போர் 15 ஆக்கினோம், ஏழும் இறங்கிவிட்டது, 0.73 தள்ளியிருந்த அந்த ஜோடி உட்பட. டவல் ஓட்டையைப் பிடித்து செட்டிங் எடுத்துத்தான் திறந்தோம்.

டிராயிங் ரிவிஷன்: கவர் 0.4 எம்எம்சி, பாடி 0.6 புரொஜெக்டட் 20, டேட்டம் ஃபேஸ் மற்றும் டவல் ஓட்டைகள், கவரில் இரண்டாவது டவல் ஓட்டையை ஸ்லாட் ஆக்கிவிட்டேன், 120 ± 0.02 என்று இறுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமும் போனது. விஎம்சி ஆளிடம் காட்டினேன், 0.4 என்பது தன் மெஷினுக்கு ஒன்றுமே இல்லை, முன்னே ± 0.1-க்குத்தான் ஒவ்வொரு பத்தாவது ஜாபுக்கும் பயந்தேன் என்றார். பாடி கேஜுக்கு மரைப் பின் கடைசலுக்குக் கொடுக்கப் போகிறேன், பின்னில் ஃபேஸுக்கு மேல் உட்கார ஒரு தோள் வைத்தால் ஆடாமல் நிற்கும் என்று நினைக்கிறேன், சரிதானே அண்ணா?

டூல்ரூம் 30 வருஷம்:

தோள் வைக்காதீர்கள் தம்பி. தோள் ஃபேஸில் உட்கார்ந்தால் பின் ஃபேஸுக்கு நேராக நின்றுவிடும், மரை சாய்ந்திருந்தாலும் தெரியாமல் போகும், நீங்கள் பிடிக்க வேண்டியதே அந்தச் சாய்வைத்தான். மரையை மட்டும் கொஞ்சம் இறுக்கமாகக் கடையச் சொல்லுங்கள், கையால் திருகினால் ஆடாமல் இறங்கும் அளவுக்கு, தண்டு 20-க்கு மேல் ஒரு நாலைந்து மி.மீ. நீளம் விட்டு பிடித்துத் திருக ஒரு தட்டை வெட்டு போட்டுவிடுங்கள்.